பிளைவுட்டில் கறையா? கை வைக்கும் முன்பு டார்ச் விளக்கை எடுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

கோடையில் எனக்கு எழுதுகிறவர்கள் கதவு சுருங்கியதையும் நாற்காலி ஆடுவதையும் பற்றி எழுதுவார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லாம் கறைதான். இந்த முறை வந்த கடிதக் கட்டில் முக்கால் பங்கு பிளைவுட் சாமான்களைப் பற்றியது. அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கும்பகோணத்தில் என் அப்பா நடத்திய பாலிஷ் பட்டறையில் பதினேழு வயதில் பஞ்சும் துணியும் பிடிக்கத் தொடங்கினேன். 32 ஆண்டுகளாக அதே பட்டறையில்தான் இருக்கிறேன். கையில் செய்து பார்த்ததை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

*

அக்கா, எங்கள் சாப்பாட்டு மேசை தேக்கு முகம் வைத்த பிளைவுட். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, ஈரம் துடைக்காத இரும்பு தோசைக்கல்லை யாரோ அதன்மேல் வைத்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து வந்து எடுத்தால், கல்லின் வட்டம் அப்படியே கன்னங்கரேலென்று பதிந்திருக்கிறது. சோப்பு, எலுமிச்சை, சமையல் சோடா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். தேய்ப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
- வாசகி, மன்னார்குடி

வேண்டாம் அம்மா. அந்த இயந்திரம் வீட்டுக்குள் வரவே வேண்டாம். உங்கள் மேசைப் பலகை 18 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதில் தேக்கு என்பது மேலே ஒட்டியிருக்கும் ஒரு தோல் மட்டும்தான். அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். உங்கள் விரல் நகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அந்தக் கனம். அதற்குக் கீழே இருப்பது வேறு ஏதோ மலிவான வெளிர் மரம். இயந்திரம் ஒரே இடத்தில் அரை நிமிடம் நின்றால் போதும், தேக்கு போய்விடும்.

இதைச் சொல்லும்போது எனக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது நினைவுக்கு வருகிறது. ஒரு வாடிக்கையாளர் தம் மகள் கல்யாணத்துக்காக ஓர் அலங்கார மேசையைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். அதன் மேற்பலகையில் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அப்பா வெளியே போயிருந்தார். 80 நம்பர் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். நம்பர் குறையக் குறையத் தாள் சொரசொரப்பு. புள்ளி போகவில்லை. இன்னும் அழுத்தினேன். திடீரென்று அந்த இடத்தில் வெளிறிய மரம் எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றி முட்டை ஓட்டின் விளிம்பு போலத் தேக்கின் ஓரம் தெரிந்தது. அப்பா வந்து பார்த்தார், திட்டவில்லை. தம் காசில் புது வினியர், அதாவது அந்த மெல்லிய தேக்குத் தோல், வாங்கி, அந்தப் பலகை முழுவதற்கும் இரவில் உட்கார்ந்து ஒட்டினார். அதற்குப் பிறகு இன்றுவரை, பிளைவுட்டின் முகத்தில் 180க்குக் குறைந்த நம்பர் தாளை நான் வைத்ததில்லை.

இனி உங்கள் கறைக்கு வருவோம். அது அழுக்கு அல்ல, சாயம். தேக்கு மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் கறுப்பு உண்டாகும். நம் ஊர்க் கலம்காரிக் கலைஞர்கள் துணியில் கறுப்பு ஏற்றுவது இப்படித்தான். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, கடுக்காய் ஏற்றிய துணியில் அந்த நீரால் வரைவார்கள். தொட்ட இடம் கறுக்கும். உங்கள் மேசையில் கடுக்காயின் வேலையைத் தேக்கு செய்தது, மீதியைத் தோசைக்கல் செய்துவிட்டது. சாயம் சோப்புக்குப் போகாது. சமையல் சோடாவோ காரம். அது தேக்கை இன்னும் கொஞ்சம் கருமையாக்கியிருக்கும். எலுமிச்சை ஓரளவு வேலை செய்யும், ஆனால் இவ்வளவு ஆழமான கறைக்கு அதற்குப் பலம் போதாது.

இதற்கு மருந்து ஆக்ஸாலிக் அமிலத் தூள். ரசாயனப் பொருள் விற்கும் கடையிலும் சில ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். பார்ப்பதற்குக் கல்உப்பைப் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. உப்பு ஜாடி இருக்கும் அறைக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது. குழந்தைகள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து, கையுறையும் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் மேற்பலகையின் பாலிஷை எடுக்க வேண்டும். பாலிஷ் இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. மேசையின் அடியில் கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியை வைத்துப் பாருங்கள். பசை போல ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட்டிலேயே துடைத்து எடுத்துவிடலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன் அல்லது பியூ (பாலியூரிதேன்) என்ற கெட்டிப் பூச்சு. அப்படி இருந்தால் நீங்கள் கை வைக்காமல் நல்ல பாலிஷ்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

பாலிஷ் போன பிறகு, பிளாஸ்டிக் குவளையில் ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 50 கிராம் தூள் போட்டுக் கரையுங்கள். இரும்போ அலுமினியமோ வேண்டாம். துணியை நனைத்துப் பிழிந்து, கறை இருக்கும் இடத்தில் மட்டுமல்லாமல் மேற்பலகை முழுவதும் ஒரே சீராகத் தடவுங்கள். கறையில் மட்டும் தடவினால் கறுப்பு வட்டம் போய் வெளிர் வட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரைக் கொட்டவே கூடாது. தோல் மெல்லியது, ஊறினால் கொப்பளிக்கும். சிறிது நேரத்தில் கறுப்பு மெல்லச் சாம்பலாகி, சாம்பல் பழுப்பாவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சில நிமிடங்களில் நான் வேறு வேலைக்குப் போவதில்லை, பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.

இரவு முழுவதும் காயட்டும். மிச்சம் இருந்தால் மறுநாள் இன்னொரு முறை தடவுங்கள். அதன் பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நான்கு முறை துடைத்து எடுங்கள். இதை மட்டும் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். மரத்தில் தங்கும் தூள் புதுப் பாலிஷைக் கெடுக்கும், தேய்க்கும்போது பறந்து மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். மின்விசிறியின் கீழே இரண்டு நாள் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். காய்ந்ததும் 320 நம்பர் தாளைக் கையில் பிடித்து, ரேகை ஓடும் திசையில் பட்டும் படாமலும் ஓட்டிவிட்டுப் பாலிஷ் போடலாம்.

*

அம்மா, காபி டபராவைச் சூட்டோடு வைத்ததில் டீப்பாயில் வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. மன்னிக்க முடியாத தவறாக வீட்டில் பேசுகிறார்கள். போகுமா?
- வாசகர், தாம்பரம்

போகும் தம்பி. வீட்டில் சொல்லுங்கள், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைப் பலகையோடு பலகையாகப் படுக்க வைத்து ஒளியை ஓட்டுங்கள். வளையம் பாலிஷுக்குள் பனிப்படலம் போல மிதப்பது தெரியும். சூட்டில் வியர்த்த ஈரம் பாலிஷ் படலத்துக்குள் சிக்கிக்கொண்டால் இப்படி வெளுக்கும். கறுப்பு என்றால் ஈரம் மரம்வரை போய்விட்டது என்று பொருள். வெள்ளையில் அந்தக் கவலை இல்லை.

முதலில் ஒரு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். புதிய வளையம் பல நேரம் தானாகவே மங்கிவிடும். மங்கவில்லை என்றால், பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வளையத்தின் மேல் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், ஐந்து எண்ணும்வரை வைத்து எடுங்கள். துணியைத் தூக்கிப் பாருங்கள். மீண்டும் ஐந்து. சூடு கூடினால் பாலிஷே இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எண்ணிக்கையைக் கூட்டாமல் தடவையைக் கூட்டுங்கள். கடைசியாகத் தங்கும் மங்கலுக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு விரலால் தேய்த்துத் துடைத்தால் போதும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டீப்பாயைக் கிருமிநாசினி தொட்டுத் துடைக்காதீர்கள். 2020இல் எங்கள் பட்டறைக்கு வந்த மேசைகளில் பாதி அப்படிக் கெட்டவைதான். கைக்குப் போடும் அந்த நீரில் பெரும்பங்கு ஆல்கஹால். அரக்குப் பாலிஷைக் கரைப்பதற்கு நாங்கள் பயன்படுத்துவதும் ஆல்கஹால்தான்.

*

அக்கா, படுக்கையறைச் சுவரோடு ஒட்டிச் செய்த அலமாரி. இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. உள்ளே பின்பலகையில் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம். பட்டுப் புடவையில்கூட வாடை ஏறிவிட்டது. கடையில் சொன்னபடி பிளீச்சிங் திரவம் ஊற்றித் தேய்த்தேன், ஒரு மாதத்தில் திரும்பவும் வந்துவிட்டது. கற்பூரம், வேப்பிலை எல்லாம் வைத்துவிட்டேன். பிளைவுட் மோசமானதா, நான் செய்தது தவறா?
- வாசகி, நாகர்கோவில்

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: 'ஒட்டி'. அந்தச் சுவரின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. குளியலறையா? மழை அடிக்கும் வெளிச்சுவரா? இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அலமாரிக்கு அருகில் திறந்திருக்கும் சுவரில், ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவரிலிருந்து ஈரம் வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம். முதலாவது என்றால் குழாயையோ ஓட்டையையோ ஓதத்தையோ கொத்தனார்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு நீங்கள் அலமாரிக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

பூசணத்தின் வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது. அதை ஒழிக்க முடியாது, அதற்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்ய முடியும். பிளீச்சிங் திரவம் ஏன் தோற்றது என்றால், அதில் பெரும்பகுதி தண்ணீர். மருந்து மேலோடு நின்றுவிடுகிறது, தண்ணீர் மரத்துக்குள் இறங்கிவிடுகிறது. மேலே வெளுத்துக் காட்டியதே தவிர உள்ளே ஈரத்தைக் கூட்டிவிட்டீர்கள். இன்னொரு எச்சரிக்கை: கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ அந்தத் திரவத்தோடு யாரும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவை மூடிக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டுத் தேய்க்கிறவர்களுக்கு அது உயிராபத்து.

இப்படிச் செய்யுங்கள். மழை விட்ட, வெயில் அடிக்கும் நாளில் அலமாரியைக் காலி செய்து, சன்னலைத் திறந்து வையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். துடைப்பத்தால் உலர்ந்தபடி தட்டினால் வித்து வீடு முழுவதும் பறக்கும். சலவைத்தூள் கரைத்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தை மாற்றுங்கள். அந்தத் துணியை அலசி மீண்டும் பயன்படுத்த வேண்டாம், எறிந்துவிடுங்கள். பிறகு மேசை மின்விசிறியை உள்நோக்கி வைத்து மூன்று நாள் ஓட விடுங்கள். ஆணி முனையால் பின்பலகையைக் குத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அது மேலோட்டமான பூசணம்தான், பலகை பிழைத்துக்கொள்ளும். கேக் போல உள்ளே இறங்கினால் மரமே மக்கிவிட்டது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் அப்படி ஆகும். அந்தப் பலகையைக் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

பிழைக்கும் பலகை என்றால், அதன் முதுகைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளில் சுவரைப் பார்க்கும் பக்கம் வெறும் மரமாகவே இருக்கும். முன்பக்கம் சன்மைக்கா, பின்பக்கம் ஒன்றுமில்லை. வேலை செய்தவர்கள் மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான், எனக்கு இதில் கோபம் உண்டு. பலகையைக் கழற்றி, முதுகிலும் நான்கு விளிம்புகளிலும் உட் பிரைமரோ இரண்டு கை அரக்குப் பாலிஷோ கட்டாயம் அடிக்கச் சொல்லுங்கள். திரும்பப் பொருத்தும்போது சுவருக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குலக் காற்றுவழி விட்டு, ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் வைத்துப் பொருத்தட்டும். மேலும் கீழும் அந்த இடைவெளி திறந்திருக்க வேண்டும்.

பிளைவுட் மோசமானதா என்று கேட்டீர்கள். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையில் எம்.ஆர். வகை என்று விற்பது காற்றின் ஈரத்தைத் தாங்கும், நனைவதைத் தாங்காது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் வகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தாலும் விடாத அளவுக்குச் சோதிக்கப்படுகிறது. அறுத்த விளிம்பில் கரும்பழுப்புக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நனைவதைத் தாங்கும் பினால் பசை. கோடே தெரியாமல் வெளிறியிருந்தால் பெரும்பாலும் நனைவதைத் தாங்காத யூரியா பசை. ஆனால் பசை தாங்குகிறது என்பதற்காகப் பூசணம் வராமல் இருக்காது. ஈரச் சுவரோடு ஒட்டினால் மரைன் பலகையின் மேலும் அது படரத்தான் செய்யும்.

கற்பூரம் வாடைக்கு நல்லது. பட்டுப் புடவைகளை இரண்டு நாள் நிழல் காற்றில் உலர்த்திவிட்டு, அலமாரி முழுவதும் காய்ந்த பிறகு வையுங்கள்.

*

மேடம், வெள்ளைச் சன்மைக்கா போட்ட சமையலறை. மஞ்சள்தூள் சிந்திய இடத்தைச் சோப்பு போட்டுத் தேய்த்ததும் மஞ்சள் கறை சிவப்பாக மாறிவிட்டது! என்ன ஆயிற்று?
- வாசகி, மதுரை

பயப்படாதீர்கள். குங்குமம் செய்கிறவர்களுக்கு இது தெரியும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். சோப்பும் சுண்ணாம்பைப் போலக் காரம், அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு ஒரு துளி தொட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும், ஆனால் கறை போகாது.

மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். சன்மைக்காவுக்கு ஸ்பிரிட்டால் கெடுதல் இல்லை. பஞ்சில் தொட்டுத் துடைத்து, பஞ்சு மஞ்சளாகும்போதெல்லாம் புதுப் பஞ்சு எடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், ஸ்பிரிட் குபீரென்று பற்றிக்கொள்ளும். மிச்சத்துக்குச் சூரியன் இருக்கிறது. மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பது வேட்டி துவைத்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெயில் விழும் பக்கத்துக் கதவாக இருந்தால் ஒரு வாரம் திறந்து வைத்தாலே போதும். வெயில் விழாத மூலை என்றால் கதவின் கீல் திருகுகளைக் கழற்றி மாடியில் இரண்டு பகல் வைத்து எடுக்கலாம், ஆனால் உச்சி வெயிலில் வேண்டாம். சன்மைக்கா ஓரத்தில் பசை விட்டுவிடும்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் தொடவே தொடாதீர்கள். அது போடும் கீறல்களில் அடுத்த முறை சிந்தும் மஞ்சள் போய் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

*

அம்மா வணக்கம். கட்டிலின் தலைப்பலகையில் தலை சாயும் இடத்தில் எண்ணெய் இறங்கிக் கருத்த வட்டமாக இருக்கிறது. மேலே பாலிஷ் அடித்தோம், அந்த இடத்தில் மட்டும் காயவே இல்லை.
- வாசகர், கோயம்புத்தூர்

என் அம்மாவும் அப்பாவும் படுத்த கட்டிலில் அந்த வட்டம் இரண்டும் இருக்கின்றன ஐயா, நான் அவற்றை எடுக்கவில்லை. உங்களுடையதை எடுக்க வழி சொல்கிறேன்.

எண்ணெய் பாலிஷைத் துளைத்து மரத்தில் ஊறியிருக்கிறது. எண்ணெய் மேல் எந்தப் பாலிஷும் பிடிக்காது. காயாத பாலிஷை முதலில் தின்னரால் துடைத்து எடுத்துவிடுங்கள். முல்தானி மட்டியை டர்பன்டைனில் குழைத்து, இட்லி மாவுப் பதத்தில் விரல் கனத்துக்கு வட்டத்தின் மேல் அப்புங்கள். தலைப்பலகையைக் கழற்றித் தரையில் படுக்க வைத்துச் செய்வது எளிது. மேலே பாலித்தீன் போட்டு ஓர் இரவு விட்டு, மறுநாள் பாலித்தீனை எடுத்துவிட்டு முழுவதும் காய விடுங்கள். டர்பன்டைன் எண்ணெயை இளக்கும், காயும் மண் அதை மேலே உறிஞ்சும். காய்ந்த மண் பழுப்பேறி இருந்தால் எண்ணெய் வந்திருக்கிறது என்று அறியலாம். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஊதுவத்திகூட வேண்டாம்.

முழுவதும் வராது. மெல்லிய நிழல் ஒன்று தங்கும். அதன்மேல் மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கை அடித்துவிட்டு, அதற்கு மேல் எந்தப் பாலிஷ் போட்டாலும் பிடிக்கும். மிச்ச எண்ணெயை மேலே வரவிடாமல் அரக்கு தடுத்துக்கொள்ளும். பூஜை அலமாரியில் விளக்கெண்ணெய் இறங்கிய தட்டுக்கும் இதே வழிதான்.

*

அக்கா, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் ஒன்றரை அடி தண்ணீர் நின்றது. அலமாரிகளின் அடிப்பக்கம் ஊதி, கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. மேல்பக்கம் நன்றாகவே இருக்கிறது. இதுநாள்வரை திரை போட்டு மறைத்து வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் எறியச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை.
- வாசகி, பள்ளிக்கரணை

எறிய வேண்டாம் அம்மா. ஊதிய பகுதி திரும்பாது, அதை எந்தப் பசையாலும் அழுத்திச் சேர்க்க முடியாது. அந்தக் கறுப்பைச் சுத்தம் செய்யவும் முயல வேண்டாம், சாக்கடை கலந்த நீர் அது. ஆனால் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, விரல் கணுவால் தட்டிக்கொண்டே மேலே போங்கள். பொத் பொத்தென்று கேட்கும் இடம் உள்ளே பிரிந்தது, டக் டக்கென்று கேட்கும் இடம் முழுசானது. டக்கென்று கேட்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ளதை அறுத்துவிடச் சொல்லுங்கள்.

அறுத்த இடத்தில் பிளைவுட்டைத் திரும்ப வைக்காதீர்கள். உங்கள் பகுதியில் தண்ணீர் மறுபடி வராது என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது. கடப்பாக் கல் அல்லது கிரானைட் துண்டுகளை நிறுத்திக் கட்டி, அந்த மேடையின் மேல் அலமாரியை உட்கார வையுங்கள். அறுத்த விளிம்புக்கு மூன்று கை பிரைமர் அவசியம். விளிம்புதான் பிளைவுட்டின் வாய், வைக்கோல் குழாய்களைக் கட்டிவைத்தது போல மரத்தின் துளைகள் அங்கேதான் திறந்திருக்கின்றன.

வெள்ளம் வராத வீட்டுக்காரர்களும் கேளுங்கள். தினமும் ஈரத் துணியால் தரை துடைக்கும்போது, அலமாரியின் அடிவிளிம்பு ஒவ்வொரு நாளும் ஒரு மடக்குக் குடிக்கிறது. ஐந்து ஆண்டில் அதே கறுப்பு, அதே ஊதல். கால்களுக்குப் பிளாஸ்டிக் புஷ் போட்டு அரை அங்குலம் தூக்கிவிட்டால் இது நேராது.

*

புதிதாக வாங்கிய கட்டிலின் அடிப்பலகையில் நீலமும் சாம்பலுமாகக் கோடுகள். துடைத்தால் போகவில்லை. பழைய பலகையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகர், திருநெல்வேலி

ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் பக்கத்துக்குப் பலகை பெரும்பாலும் கேரளத்தின் பெரும்பாவூரிலிருந்து வருகிறது, அங்கே ரப்பர் மரம் நிறையப் பயன்படுகிறது. ரப்பர் மரத்தை வெட்டிச் சில நாள் ஈரத்தோடு போட்டாலே நீலப் பூசணம் உள்ளே ஓடிவிடும். அது மரத்தின் மாவுச்சத்தைத் தின்கிறதே தவிர, மரத்தின் பலத்தைக் குறைப்பதில்லை. பலகை காய்ந்துவிட்டால் மேற்கொண்டு பரவாது. நிறம் மரத்துக்குள்ளேயே இருப்பதால் தேய்த்துப் பயனில்லை. அடிப்பலகைதானே, மெத்தைக்குக் கீழே இருக்கட்டும்.

ஆனால் அடியில் மைதா போல மெல்லிய தூள் கொட்டி, குண்டூசித் துளைகள் தெரிந்தால் உடனே கடைக்காரரைக் கூப்பிடுங்கள். அது கறை அல்ல, மரத்தைத் துளைக்கும் உளுப் பூச்சி.

*

தொலைக்காட்சியை இடம் மாற்றினோம். அதன் பின்னால் இருந்த தேக்குப் பலகையில் அதே அளவுக்கு வேறு நிறத்தில் ஒரு சதுரம் தெரிகிறது. பாலிஷ் போட வேண்டுமா?
- வாசகி, புதுக்கோட்டை

வேண்டாம். மறைந்திருந்த இடம் தேக்கின் பழைய நிறத்திலேயே நின்றுவிட்டது. சுற்றியிருந்தது வெளிச்சம் பட்டுப் பழுத்துவிட்டது. இனி வெளிச்சம் பட்டால் அதுவும் பழுக்கும். அந்த இடத்தில் நாட்காட்டி எதுவும் மாட்டாமல் சில மாதம் விட்டுப் பாருங்கள். இப்போது பாலிஷ் போட்டால் இரண்டு நிறமும் அப்படியே நிற்கும்.

*

வெள்ளை எனாமல் அடித்த அலமாரி வெளியே பளிச்சென்று இருக்கிறது, கதவைத் திறந்தால் உள்ளே மட்டும் மஞ்சள். உள்ளே யாரும் புகைப்பதும் இல்லையே!
- வாசகர், சேலம்

எண்ணெய் கலந்த வெள்ளை எனாமலின் குணம் அது. வெளிச்சம் இல்லாத இடத்தில் மஞ்சள் ஏறும். வெளிச்சம் படும் வெளிப்பக்கம் வெண்மையாகவே நிற்கும். உங்கள் பராமரிப்பில் குறை ஒன்றுமில்லை. கதவுகளைப் பகலில் இரண்டு வாரம் திறந்து வைத்துப் பாருங்கள், கணிசமாக வெளுக்கும். அடுத்த முறை பூசும்போது உட்பக்கத்துக்கு மட்டும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் கேட்டு வாங்குங்கள். பழைய எனாமலின் பளபளப்புப் போகுமளவுக்கு 220 நம்பர் தாளால் மேலோடு தேய்த்து, தூசியை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பிரைமர் ஒரு கை, அதன் பிறகு அந்த அக்ரிலிக் எனாமல். துணிகளை அடுக்க ஒரு வாரம் பொறுங்கள். வெளியே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே இறுக அவ்வளவு நாள் பிடிக்கும்.